பழைய கருப்பு மிஷினில் குவில்ட் தைக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பரணில் இருந்து இறக்கியதோ, பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டதோ, பவர் மிஷினுக்கு மாறிய டெய்லர் கொடுத்ததோ, நம் ஊரில் கைக்கு வரும் கால் மிதி மிஷின்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். சிங்கரின் 15-ம் வகுப்பு (கிளாஸ் 15 என்ற மாடல் வரிசை), அல்லது அதே அமைப்பில் இங்கேயே செய்த உஷா போன்றவை. அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் உறை, அதாவது பாபின் கேஸ், இடது பக்கம் பார்த்தபடி நின்ற வாக்கில் உட்காரும். நேர்த் தையல் மட்டும்தான் வரும். ஆனால் ஒட்டுத்துணி விரிப்புக்கு, அதாவது குவில்ட்டுக்கு, தேவையானதும் நேர்த் தையல்தான். ஊசித் தட்டில் சின்ன வட்டத் துளை ஒன்றே இருப்பதால் துண்டுத் துணியின் மூலை உள்ளே இழுபடாது. மிதியை மெதுவாக அழுத்தினால் ஒவ்வொரு தையலாகப் போகலாம். ஜிக்ஜாக் மிஷினின் அகலத் துளையில் இந்தச் சுத்தம் எளிதில் கிடைக்காது.

கோளாறு என்று பலரும் சொல்வதைக் கேட்டால், பாதி மிஷினுடையதே அல்ல, குவில்ட்டுடையது. மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கு கனம் மேஜையில் இருந்து தொங்கி இழுக்கும்போது நல்ல மிஷினும் தடுமாறும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. புது 14-ம் நம்பர் ஊசி போடுங்கள். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல், இரண்டும் ஒரே தரத்தில். பாப்ளின் துணியை இரண்டாக மடித்து ஒரு முழம் தையுங்கள். இது சுத்தமாக வந்தால் மிஷின் நலம், குவில்ட்டைக் கையாளும் விதத்தில்தான் பிரச்சினை. இதுவே சொதப்பினால் குவில்ட்டை ஓரமாக வைத்துவிட்டு மிஷினைப் பாருங்கள். இரண்டு நிற நூல் எதற்கென்றால், எந்த நூல் தப்பு செய்கிறது என்று கண்ணுக்கு உடனே தெரியும்.

சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது

மிதியை ஓங்கி மிதிக்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கைச்சக்கரத்தை மட்டும் உங்கள் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பெல்ட் இல்லாமல் எளிதாகச் சுற்றினால் குறை கீழே, ஸ்டாண்டில். பெரிய சக்கரத்தின் அச்சிலும் மிதியின் இரண்டு முனைகளிலும் எண்ணெய் காய்ந்திருக்கும்.

பெல்ட் இல்லாமலும் இறுக்கமாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டிய இடம் ஷட்டில், பாபின் கேஸைச் சுற்றி ஆடி மேல் நூலைக் கொக்கியால் பிடிக்கும் பாகம். பாபின் கேஸை எடுங்கள். ஷட்டில் ஓடும் தடத்தை மூடியிருக்கும் வளையத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கிளிப்புகளை விலக்கி (மிகப் பழையவற்றில் ஸ்க்ரூ இருக்கும்) வளையத்தையும் பிறை வடிவ ஷட்டிலையும் வெளியே எடுங்கள். எடுக்கும் முன் போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். என்றோ அறுந்த நூல் ஒரு துண்டு அந்தத் தடத்தில் சுற்றிக்கொண்டாலே போதும், முழு மிஷினும் பூட்டிக்கொள்ளும்.

அங்கே ஒன்றும் இல்லை என்றால் காய்ந்த எண்ணெய்தான். நம் வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: மிஷின் ஆயில் தீர்ந்தபோது யாரோ விட்ட தேங்காய் எண்ணெய். அது நாளாக ஆகப் பிசின்போல் இறுகி, அச்சுக்கும் உறைக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறது. ஊசிக்கு மேலே, மிஷினின் இடது முனையில் உள்ள முகப்புத் தகடைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் படிந்திருப்பது தெரியும். உலோகம் உலோகத்தோடு உரசும் ஒவ்வொரு இடத்திலும், எண்ணெய்த் துளைகளிலும், மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத பக்கத்தில் செய்யுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். அசைய ஆரம்பித்தால் மறுபடியும் சொட்டு, மறுபடியும் அசைவு. ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பிசினை இளக்குவதானால் மண்ணெண்ணெய் விடும் முன்பே செய்துவிடுங்கள், விட்ட பிறகு வேண்டாம். தாராளமாகச் சுற்றத் தொடங்கியதும் கரைந்த அழுக்கை எல்லாம் துடைத்து, எல்லா இடத்திலும் மிஷின் ஆயில் விட வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், உராய்வைத் தாங்காது. அதை மட்டும் விட்டு ஓட்டினால் அச்சு தேயும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் மிஷினின் கருப்புப் பரப்பில் படவிடாதீர்கள். பழைய சிங்கர்களில் தங்க நிறப் பூவேலைக்கு மேலே பூசியிருப்பது அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். எண்பது வருஷம் தப்பித்து வந்த பூவேலை ஒரே துடைப்பில் போவதைப் பார்க்கச் சகிக்காது. பரப்பைத் துடைக்க மிஷின் ஆயிலும் மெல்லிய துணியும் போதும்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள பெரிய திருகு தளர்ந்திருக்கும். பாபின் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருக்க அதைத் தளர்த்துவது வழக்கம், திரும்ப முடுக்க மறந்திருப்பீர்கள். முடுக்கியும் பிடிக்கவில்லை என்றால் அதன் பின்னால் உள்ள வாஷர் தலைகீழாகப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். பெரிய திருகின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு, முதலில் அதைத் தளர்த்தினால்தான் பெரியது முழுவதும் கழன்று வரும். வாஷரை வெளியே எடுத்து அரைச் சுற்று திருப்பிப் போட்டு முடுக்குங்கள். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கழற்றிய மிஷின்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

ஊசியில் இருந்து தொடங்குங்கள். பத்தில் எட்டு முறை ஊசியோடேயே விஷயம் முடிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

ஊசி சரியான வகையா? டெய்லர் சாமான் கடைகளில் இரண்டு வகை ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வீட்டு மிஷினுக்கானது எச்.ஏ. எக்ஸ் 1, மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மிஷினுக்கானது டி.பி. எக்ஸ் 1, தண்டு முழு உருண்டை. உருண்டை ஊசியைக் கருப்பு மிஷினில் மாட்டினாலும் தையல் சரியாக விழாது. நம்பரை மட்டும் சொல்லி வாங்காமல், தட்டைத் தண்டு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரியான பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறதா? 15-ம் வகுப்பில் தட்டைப் பக்கம் வலப்புறம் பார்க்க வேண்டும், நூலை இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். புது மிஷினில் பழகியவர்கள் தட்டையைப் பின்பக்கம் வைத்துவிட்டு, மிஷின் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு அமைப்புள்ள மிஷின், உதாரணமாகப் படகு மாதிரி நீள ஷட்டில் உள்ளது, கையில் இருந்தால் இந்தத் திசை பொருந்தாது. ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் இருந்துதான் நூல் கோர்க்க வேண்டும் என்ற விதி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

முழுவதும் மேலே ஏற்றி முடுக்கியிருக்கிறதா? ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றாலும் ஷட்டிலின் கொக்கி நூலைப் பிடிக்காது. வளைந்திருக்கிறதா? கண்ணாடி மேல் படுக்க வைத்துப் பாருங்கள். குவில்ட்டைக் கையால் இழுத்துத் தைப்பவர்களின் ஊசி சீக்கிரம் வளையும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனமான இடத்தில் மட்டும் விட்டுப்போனால் 14-க்குப் பதில் 16-ம் நம்பர் போடுங்கள். துணி என்ன என்றும் பாருங்கள். திருப்பூர்ப் பனியன் வெட்டுத் துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று குவில்ட்டில் சேர்க்கிறார்கள். அது இழுபடும் துணி, சாதாரண ஊசியில் தையல் விட்டுத்தான் விழும். உருண்டை முனை ஊசி போட்டுத் தைக்கலாம், ஆனால் பாப்ளினும் பனியனும் கலந்த விரிப்பு துவைத்த பிறகு கோணிக்கொள்ளும். பிளவுஸ் தைக்கும் கடைகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகள் இதைவிட எவ்வளவோ மேல்.

பாப்ளின் சோதனையிலும் விட்டு விட்டு விழுந்தால்தான் ஊசிக்கம்பியின், அதாவது ஊசியைப் பிடித்து மேலும் கீழும் ஓடும் கம்பியின், உயரத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஊசித் தட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி அடிமட்டம் தொட்டுச் சுமார் 2 மில்லிமீட்டர் மேலேறும்போது, கொக்கியின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியை ஒட்டினாற்போல் கடக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கடந்தாலோ, வெகு மேலே கடந்தாலோ, கம்பியை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். முகப்புத் தகடுக்குள் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பு செய்து பழக்கம் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

அடியில் நூல் குப்பையாகச் சேர்கிறது

அடியில் குப்பை சேர்ந்தால் எல்லோரும் பாபினைத் திட்டுகிறார்கள். குற்றவாளி மேல் நூல். மேலே பிடிமானம் இல்லாததால் தளர்ந்து கீழே இறங்கிச் சுருண்டுகொள்கிறது. உங்கள் சிவப்பு நூல்தான் அடியில் கொத்தாக இருக்கும், பாருங்கள்.

துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்து நூல் கோருங்கள். தூக்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் (மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு வட்டத் தட்டுகள்) விலகி இருக்கும், நூல் நடுவில் போய் உட்காரும். இறக்கி வைத்துக் கோர்த்தால் தட்டுகளுக்கு வெளியே நின்றுவிடும். பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள், இறுக்கம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருக்கும். ஃபுட்டைத் தூக்கி, மெல்லிய துணிக் கீற்று ஒன்றை இரண்டு தட்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் இழுங்கள்.

குவில்ட்டில் மட்டும் நடக்கும் ஒன்று உண்டு. துணியைக் கையால் நகர்த்திப் பூ, கொடி என்று போடும்போது எம்பிராய்டரி ஃபுட் போடுவோம். அது இறக்கி இருந்தாலும் துணியை அவ்வளவாக அழுத்தாது. அதனால் ஃபுட்டைத் தூக்கும் நெம்புகோல் மேலே இருப்பதே தெரியாமல் மிதித்துவிடுவோம். ஒரு அங்குலத்தில் பறவைக் கூடு கட்டிவிடும். தொடங்கும் முன் மிஷினின் பின்பக்கம் கைவிட்டு நெம்புகோலைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்மாறாக மேல்பக்கம் வெள்ளை நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், அல்லது பாபின் தளர்வு. மேல் டென்ஷனைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் போகவில்லை என்றால் பாபின் கேஸைக் கையில் எடுத்து நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கக் கூடாது. லேசாக ஒரு குலுக்கு குலுக்கினால் இரண்டு, மூன்று அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். வேகமாக இறங்கினால், பாபின் கேஸின் வெளிப்பக்கம் நூலை அழுத்தும் தகட்டு ஸ்பிரிங்கில் உள்ள ஸ்க்ரூவை உடனே தொடாதீர்கள். அந்தத் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சு விரிப்பின் தூசி புகுந்து அதைத் தூக்கி வைத்திருக்கும். விசிட்டிங் கார்டின் மூலையை உள்ளே செருகி வழித்து எடுங்கள். அப்புறமும் தளர்வு என்றால் ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் முடுக்குங்கள். அது மிகச் சிறிய ஸ்க்ரூ. கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள், தரையில் விழுந்தால் கிடைக்காது.

டென்ஷன் ஒரு நேரம் சரியாகவும் ஒரு நேரம் தப்பாகவும் இருந்தால் பாபினை எடுத்துப் பாருங்கள். நூல் தொளதொளவென்று ஒரு பக்கம் ஏறிச் சுற்றியிருக்கும். பாபின் சுற்றும் கருவியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வழுக்குவதுதான் காரணம், புது வளையம் மலிவு.

அடித்துணி சுருங்குகிறது, அடுக்குகள் நகர்ந்துபோகின்றன

இதில் மிஷினுக்குப் பங்கு குறைவு. கீழே உள்ள பல் அடித்துணியை முன்னே தள்ளுகிறது, மேலே உள்ள ஃபுட் மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. நடுவில் பஞ்சு வழுக்குகிறது. மூன்று அடுக்கும் ஒன்றாக நகர வேண்டுமென்றால் முன்பே அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். தரையில் அடித்துணியை இழுத்து விரித்து ஓரங்களைச் செல்லோடேப்பால் ஒட்டி, மேலே பஞ்சு, அதன்மேல் துண்டு கோர்த்த துணி, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரிசையாகக் கையால் நீள ஓட்டுத் தையல் போடுங்கள். ஊக்கு குத்துவதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் கால் மிஷினில் தைப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன், நடுவில் நிறுத்தி ஊக்கு கழற்ற வேண்டாம், ஊசி ஊக்கில் இடித்து உடையாது.

தைக்கும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். மிஷின் தலைக்கு மேலே உள்ள அழுத்தத் திருகை இரண்டு, மூன்று சுற்று தளர்த்துங்கள். பாப்ளினுக்கு வைத்த அழுத்தம் குவில்ட்டுக்கு மிக அதிகம். தையல் நீளத்தையும் கூட்டுங்கள். துண்டு கோர்க்கும்போது அங்குலத்துக்கு 10, 12 தையல் நல்லது, மூன்று அடுக்குக்கு 8 போதும்.

மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இந்த மிஷின்களில் பொருந்தும், குட்டைத் தண்டு வகை என்று கேட்டு வாங்குங்கள். அதன் கை ஊசி ஸ்க்ரூவின்மேல் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். அதனால் மிஷினில் மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

துணி நகரவில்லை, ஒரே இடத்தில் குத்துகிறது

குவில்ட் மேஜைக்கு வெளியே தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இடது பக்கமும் பின்பக்கமும் மிஷின் உயரத்துக்கு ஒரு மேஜையோ கட்டிலோ ஒட்டிப் போட்டு முழு கனத்தையும் அதன்மேல் ஏற்றுங்கள். தையல் நீளம் ஒழுங்கில்லாமல் வருவதும் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் ஊசித் தட்டைக் கழற்றுங்கள். பல் வரிசைகளுக்கு நடுவில் பஞ்சுத் தூசி கம்பளம்போல் இறுகியிருக்கும், குண்டூசியால் கிளறி எடுங்கள். பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் மிஷினுக்கு இந்தச் சுத்தம் ஒவ்வொரு இரண்டு பாபினுக்கும் ஒருமுறை வேண்டும். சில மாடல்களில் எம்பிராய்டரிக்காகப் பல்லைக் கீழே இறக்கும் திருகு உண்டு, அது இறக்கிய நிலையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

குவில்ட்டில் தையல் இடம் கால் அங்குலம். எட்டுத் துண்டு சேர்த்த பிறகு பிழை பல மடங்காகத் தெரியும். ஃபுட்டின் ஓரம் கால் அங்குலத்தில்தான் இருக்கிறது என்று நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கோடு போட்ட காகிதத்தை ஊசியின் கீழே வைத்து நூலில்லாமல் குத்தினால் உண்மை தெரியும். மிஷின் மேடையில் ஊசியின் வலப்புறம் உள்ள ஸ்க்ரூ துளைகள் துணி வழிகாட்டிக்கானவை. வழிகாட்டி கிடைக்கவில்லை என்றால் தடிமனான டேப்பை இரண்டு, மூன்று மடிப்பாக அளந்து ஒட்டுங்கள்.

மேல் நூல் அறுகிறது

நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். பாட்டி காலத்துப் பெட்டியோடு வந்த மரக்கட்டை நூல் அழகானது, ஆனால் பருத்தி நூல் நாள்பட்டால் இற்றுவிடும். அதை அலமாரியில் வையுங்கள், மிஷினில் வேண்டாம். புது நூலும் அறுந்தால் ஊசித் தட்டுத் துளையின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். ஊசி இடித்து இடித்துப் பிசிறு எழும்பியிருந்தால் நகம் மாட்டும். மிக மெல்லிய உப்புத்தாளை நூல்போல் முறுக்கித் துளைக்குள் விட்டுத் தேய்த்தால் போகும். தொடங்கும்போதே அறுந்தால் காரணம் உங்கள் கால். மிதி பின்பக்கமாக ஓடியிருக்கிறது. கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்பிவிட்டே ஒவ்வொரு முறையும் மிதிக்கத் தொடங்குங்கள்.

ஊசி உடைகிறது

பாபின் கேஸ் 'டிக்' என்று உட்கார்ந்ததா என்று கேளுங்கள். அந்தச் சத்தம் வராமல் மிதித்தால் ஊசி அதன்மேல் இடிக்கும். ஃபுட் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் துணியை நீங்கள் இழுக்கிறீர்கள், கையை லேசாக்குங்கள்.

டக், டக் என்று சத்தம்

சத்தம் சீராக வந்தால் தோல் பெல்ட்டின் கம்பி இணைப்பு சக்கரத்தில் படுவதாக இருக்கும். கம்பியைத் தட்டி உள்ளே அமுக்குங்கள். பெல்ட் வழுக்கினால் ஒரு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி இணைத்துக்கொள்ளலாம். மிஷினின் தலைக்குள் இருந்து வரும் சத்தம் எண்ணெய் கேட்கும் சத்தம். விட்டுவிட்டு, ஊசிக்கம்பியை நன்றாகத் துடைத்து, வேண்டாத துணியில் கொஞ்சம் தைத்த பிறகே குவில்ட்டை வையுங்கள். வெள்ளைத் துணியில் விழும் எண்ணெய்ப் புள்ளி எளிதில் போகாது.

மோட்டார் மாட்டியது சூடாகிறது, வாசனை வருகிறது

பிளக்கைப் பிடுங்குங்கள். ஒயரின் உறை வெடித்திருந்தால் டேப் சுற்றி ஓட்ட வேண்டாம், புது ஒயர் போட்ட பிறகே தொடுங்கள். அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்த சிங்கர் 221 ஃபெதர்வெயிட் போன்றவை 110 வோல்ட்டுக்கானவை, நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 15-ம் வகுப்புத் தலையில் வெளியே தனியாக மாட்டிய மோட்டார் கெட்டிருந்தால் நான் அதைக் கழற்றிவிட்டுக் கால் ஸ்டாண்டிலேயே ஏற்றச் சொல்வேன். குவில்ட்டுக்கு அந்த நிதானம்தான் பொருத்தம்.

மெக்கானிக்கிடம் எப்போது

ஷட்டில் கொக்கியின் முனை மழுங்கியோ உடைந்தோ இருந்தால், வார்ப்பிரும்பு உடலில் விரிசல் இருந்தால், கைச்சக்கரத்தைப் பிடித்து அசைக்கும்போது அச்சு மேலும் கீழும் ஆடினால், வீட்டில் முடியாது. ஷட்டிலும் பாபின் கேஸும் 15-ம் வகுப்புக்கு இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. விரிசலும் அச்சு ஆட்டமும் உள்ள தலையை வாங்காமல் இருப்பதே மேல். கொடுத்து அனுப்பும்போது இரண்டு நிற நூலில் தைத்த அந்தப் பாப்ளின் துண்டையும் கூடவே கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், பழைய ஷட்டில் முனை நன்றாக இருந்தால் அதையே திரும்பப் போடச் சொல்லிக் கேட்கலாம்.